பின் அடித்த பக்கங்கள்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர் அட்டையைப் பார்க்க மாட்டார். பக்கங்களின் விளிம்பில் கட்டை விரலை வைத்து, சீட்டுக்கட்டை உதிர்ப்பதுபோல ஒரே ஓட்டமாக ஓட்டுவார். விரல் எங்கும் தடுக்காமல் பின்னட்டை வரை போய்விட்டால் முகம் மலர்ந்துவிடும். "முடிச்சாச்சா? உக்காருங்க. இன்னிக்கு உங்களை விடறதா இல்ல" என்பார். விரல் தடுக்கினால் புத்தகத்தை அப்படியே திருப்பி நீட்டுவார். "இன்னும் வேகல. எடுத்துட்டுப் போங்க."

சேலத்தில் லாரி சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கும் கடை அவருடையது. நாமக்கல், திருச்செங்கோடு லாரிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்கும். அவர் கல்லாவில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் பாய். பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவரைப் பற்றி நான் எழுதுவதே அவருக்குப் பிடித்திருக்காது.

நாவல் மட்டும்தான் படிப்பார். அதுவும் புதிய நாவல். யாரும் கேள்விப்படாத பதிப்பகம், யாரும் கேள்விப்படாத ஆள் எழுதியது என்றால் இன்னும் ஆசை. புத்தகக் காட்சிக்குப் போனால் கூட்டம் நிற்கிற கடைகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். நாவலை நடுவில் திறந்து ஒரு பக்கம் படிப்பார். முதல் பக்கத்தை ஒருபோதும் படித்துப் பார்க்க மாட்டார். "மொதப் பக்கத்துல எல்லாரும் நல்லவனாத்தான் இருப்பான் சார். பொண்ணு பாக்கப் போறப்ப சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கற மாதிரி. நடுவுல கையைப் புடிச்சாத்தான் ஆளு தெரியும்." அப்படிப் பார்த்து வாங்கியதிலும் பாதிக்கு மேல் குப்பையாகத்தான் இருக்கும். ஒப்புக்கொள்ளவும் மாட்டார். குப்பையை இரண்டாம் முறை படித்துவிட்டு, "உள்ள என்னமோ இருக்கு சார்" என்று சாதிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாவலைப் படித்து முடித்ததும் சீட்டுக்குப் போடுகிற கண்ணாடித் தாளில் அட்டை போடுவார். பிறகு ஸ்டேப்ளரை எடுத்துக் கடைசி அத்தியாயத்தின் பக்கங்களை மட்டும் ஓரத்தில் சேர்த்துப் பின் அடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் இரவல். வாங்கிப் போகிறவர் பின் அடித்த இடம் வரை படித்துவிட்டுக் கடைக்கு வர வேண்டும். இனி என்ன நடக்கும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்பார். பழைய சீட்டுகளிலிருந்து ஆணியை நெம்பி எடுக்கிற ஒரு சிறிய கம்பி வைத்திருந்தார். அதனால் தாள் கிழியாமல் பின்னைப் பிரித்து, "போங்க, இப்பப் போய்ப் படிங்க. நாளைக்கு வாங்க" என்று அனுப்புவார்.

எதற்கு இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டேன்.

"தனியா ஒரு நாவலைப் படிச்சு முடிக்கிறது, கல்யாண ஊட்டுல எல்லாருக்கும் முந்தி அடுப்படியில நின்னு தின்னுட்டு வர்ற மாதிரி சார். வயிறு ரொம்பும். ஆனா திருடித் தின்ன மாதிரி இருக்கும். பக்கத்து எலையில ஒருத்தன் வேணும்."

ஓமலூரில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். ஒருநாள் கொட்டுகிற மழையில் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். புடவை நனைந்திருந்தது. மார்போடு அணைத்துவந்த புத்தகம் மட்டும் நனையவில்லை.

"பாய், மொதல்ல இதைப் பிரிச்சுக் குடுங்க. காலையிலருந்து சோறு எறங்கல."

"அப்பன்காரன் திரும்பி வருவானா, மாட்டானா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"வர மாட்டான். வந்தான்னா இந்தப் புஸ்தகத்தை அடுப்புலதான் வெப்பேன்."

அவர் பின்னைப் பிரித்துக் கொடுத்தார். அந்த அம்மா வீட்டுக்குப் போகவில்லை. உறை போடாத ஒரு லாரி சீட்டில் உட்கார்ந்து அங்கேயே படித்தார். பாய் மெஷின்காரர்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். இரைச்சல் நின்றது. படித்து முடித்து அந்த அம்மா நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "வந்துட்டானே பாவி" என்றார்.

"அடுப்பைப் பத்த வெக்கச் சொல்லட்டுங்களாம்மா?"

இருவரும் சிரித்த சிரிப்பில், வாசலில் காத்திருந்த நாமக்கல் லாரி முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க பாய், எஞ் சீட்டு முடியுமுங்களா, இல்ல உங்க பொஸ்தகம் முடியட்டுமுங்களா?"

"ரெண்டும் கடைசிப் பக்கத்துலதாங்க நிக்குது கவுண்டரே. செத்த இருங்க."

நான் அப்போது அங்கே இருந்தேன். சிரிக்கவில்லை. அந்த அம்மா என் வாசகர் வட்டத்து உறுப்பினர். நான் பரிந்துரைத்த நாவல்களை அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். நாமக்கல் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். சேலத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஓய்வுக்குப் பின் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தேன். மாதம் ஒரு கூட்டம், அதில் ஒரு நாவல். தலைமை நான், சிறப்புரையும் நான். முதலில் எல்லோரும் என்னிடம்தான் என்ன படிக்கலாம் என்று கேட்டார்கள். பாய் வந்து சேர்ந்தபின் வாட்ஸப் குழுவில் கேள்வி மாறிவிட்டது. பாய் என்ன படிக்கிறார், பாய் கையில் இப்போது எது இருக்கிறது. அவருக்கு இலக்கியம் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவரோடு படித்தால் நன்றாக இருக்கிறது என்றார்கள். இதைப் பொறாமை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. அந்த நாட்களில் அதற்குத் தரம் பற்றிய கவலை என்று பெயர் வைத்திருந்தேன்.

அவருடைய தொல்லையும் சாதாரணமல்ல. விடிந்தும் விடியாமலும் போன் வரும். "எந்தப் பக்கத்துல சார் இருக்கீங்க?" சொன்னால், "அடடா, அங்கயா? அந்தக் கெணத்தடி வந்துருச்சா? வரட்டும், வரட்டும்" என்று அவராகச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில், பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாவலின் பாட்டி பாத்திரம் செய்தது நியாயமா என்று மாப்பிள்ளையின் தகப்பனாரோடு சண்டை போட்டார். அந்தத் தகப்பனார் அந்த நாவலைப் படித்ததே இல்லை.

பின்னைப் பிரிக்கக் கடைக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து ஊகம் சொல்வது எனக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. வாழ்நாள் முழுவதும் மாணவர்களிடம் கேள்வி கேட்டவன் நான். "நேரமில்லை பாய், நானே வீட்டில் எடுத்துக்கொள்கிறேனே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதே மாதிரி இன்னொரு நெம்புகம்பியை எடுத்து என் கையில் வைத்தார். "வேற யாருக்கும் குடுத்ததில்ல சார். நீங்க வாத்தியாரு. பிரிக்கறதுக்கு முந்தி ஒரு போன் மட்டும் பண்ணுங்க."

சில நாவல்களுக்குப் போன் செய்தேன். பிறகு செய்யவில்லை. அதற்கும் பிறகு, முழுக்கப் படிக்காமலேயே பின்னைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். விரல் தடுக்காமல் ஓடும். அவர் முகம் மலரும். பாதி படித்தாலே எனக்கு ஒரு நாவல் முழுசாகத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். பேசவும் பேசினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அவர் அந்த நாவலைக் கொண்டுவந்தார். எழுதியவன் வாழப்பாடிக்காரன். போர்வெல் வண்டியில் வடக்கே போய்ச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். முதல் நாவல். பாய் வாசற்படி ஏறும்போதே பேசிக்கொண்டு ஏறினார்.

"சார், இது வேற. இதை நீங்க பேசணும். நீங்க நாலு வார்த்தை நல்லதாச் சொன்னா அவன் ரெண்டாவதை எழுதிருவான். பாதி எழுதி வெச்சிருக்கான், பயந்துட்டுக் கெடக்கறான். கடைசி வரைக்கும் பொறுத்துப் படிங்க சார். பின்னுக்கு அந்தப் பக்கந்தான் நாவலே இருக்கு."

நான் பாதிக்குச் சற்று மேல் படித்தேன். போர்வெல் வண்டியில் போகிற ஒருவன் ஊர் ஊராகத் துளை போடுகிறான். போட்ட இடமெல்லாம் தண்ணீர் பீறிடுகிறது. கிராமத்தார் மாலை போடுகிறார்கள். வீட்டில் இருக்கும் மனைவியிடம் எல்லாவற்றையும் போனில் சொல்கிறான். அவள் "ம்" என்கிறாள், "சாப்ட்டீங்களா" என்கிறாள். எனக்குச் சலித்துவிட்டது. மூடி வைத்தேன்.

கூட்டத்துக்கு அந்த இளைஞனைப் பாய் தன் காரிலேயே அழைத்துவந்தார். கூடவே அவன் மனைவி, கைக்குழந்தையோடு. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வழக்கத்தைவிட நல்ல கூட்டம். பாய்தான் எல்லோருக்கும் போன் செய்திருந்தார். பெரும்பாலானவர்கள் இன்னும் நாவலைப் படிக்கவில்லை. அவர்களுக்காக ஒரு மூட்டை பிரதிகளை வாங்கி வாசலில் அடுக்கியிருந்தார்.

நான் பேசினேன். "இந்தக் கதாநாயகன் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் வருகிறது. நம் ஊரில் எத்தனை அடி போட்டாலும் புழுதிதான் வருகிறது. ஆசிரியர் தயவுசெய்து அவரை நம் பக்கம் கொஞ்சம் அனுப்பி வைக்க வேண்டும்." சிரிப்பு. சிரிப்பு வந்ததும் எனக்கு வேகம் வந்தது. "வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள். இருக்கிறாள் என்று ஆசிரியர் சொல்வதால் நம்புகிறோம். அவளுக்குக் கண் வரைந்திருக்கிறார், காது வரைந்திருக்கிறார், வாய் வரைய மறந்துவிட்டார்." சிரிப்பு நெடுநேரம் நீடித்தது.

நடுவரிசையில் பாய் எழுந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம். கடைசி அத்தியாயத்துல..."

அவர் எதையோ சொல்லி என் உரையைக் கெடுக்கப்போகிறார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஒலிபெருக்கி என் கையில் இருந்தது.

"பாய்! முடிவைச் சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே? நீங்களே மீறலாமா? ஸ்டேப்ளர் எங்கே, யாராவது பாய் வாய்க்கு ஒரு பின் அடியுங்கள்!"

அன்றைய கூட்டத்தின் பெரிய சிரிப்பு அதுதான். அவர் நின்றபடியே ஒருமுறை சபையைப் பார்த்தார். படிக்காதவர்கள் அத்தனை பேர் முன்னால் முடிவைச் சொல்ல அவரால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார். அந்த இளைஞன் ஏற்புரைக்கு வந்து, "ஐயா சொன்னதை ஏத்துக்கறேங்க. அடுத்த தடவை சரி பண்ணிக்கறேன்" என்று இரண்டு வரியோடு முடித்துக்கொண்டான். வாசலில் இருந்த மூட்டை பிரியாமலேயே காருக்குத் திரும்பியது.

அடுத்த வாரம் வேறு இரண்டு புத்தகங்களோடு சேர்த்து அந்த நாவலையும் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தேன். அவர் கட்டை விரலை ஓட்டினார். முதல் புத்தகம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் விரல் நின்றது.

பின்னைப் பிரிக்க நான் மறந்துபோயிருந்தேன்.

அவர் அந்த இடத்தையே பார்த்தார். பின்னை விரலால் தடவினார். நான் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"டீ சொல்லட்டுங்களா சார்?" என்றார்.

டீ வந்தது. குடித்தேன். டீசல் விலை பற்றிப் பேசினோம்.

அதன் பிறகும் எனக்குப் புதிய நாவல்கள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் கண்ணாடித் தாள் அட்டையோடு, சுத்தமாக. ஆனால் எதிலும் பின் இல்லை. நர்ஸ் அம்மாவுக்குப் போகிற புத்தகத்தில் பின் இருந்தது, வட்டத்துப் பேங்க்காரர் ஒருவருக்குப் போவதில் இருந்தது. எனக்கு வருவதில் இல்லை. போன் நின்றுவிட்டது. எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "சார், அந்த நெம்புகம்பி உங்ககிட்ட சும்மா கெடந்தா குடுத்துருங்க. கடையில ஒண்ணு ஒடஞ்சுபோச்சு" என்றார். கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வாழப்பாடிக்காரனின் நாவலைத் தபாலில் வரவழைத்து ஒரே இருப்பில் முழுதும் படித்தேன்.

கடைசி அத்தியாயம் முழுக்க அந்த மனைவி பேசுகிறாள். அதுவரை நாம் படித்தது எல்லாம் புருஷன் போனில் அவளிடம் சொன்னவை. ஒரு துளையிலும் தண்ணீர் வரவில்லை. கிராமத்தார் வண்டியைச் சிறைபிடித்தார்கள். மாலை இல்லை, அடிதான். முதல் போனிலேயே அவளுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் சந்தோஷம் இருந்தது, அதனால் "ம்" போட்டுக்கொண்டே இருந்தேன் என்கிறாள். அவ்வளவு நீளமாக, அவ்வளவு கசப்பாக ஒரு பெண் பேசியதை நான் அதற்குமுன் நாவலில் படித்ததில்லை. நான் சபையில் கேட்டுச் சிரித்த ஒவ்வொன்றுக்கும் அங்கே பதில் இருந்தது.

வாழப்பாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் போர்வெல் சாமான் விற்கும் கடையில் வேலைக்கு இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இரண்டாவது நாவல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது அப்படியே நின்னுபோச்சுங்க ஐயா. அந்தக் கடைசி அத்தியாயம் எம் பொண்டாட்டி சொல்லச் சொல்ல எழுதினது. அன்னிக்கு ராத்திரி ஊட்ல வந்து கேட்டா, அவ்வளவு படிச்சவரு, நான் பேசுனது அவரு காதுலயே விழலையே, அப்ப அது பேச்சே இல்லபோலன்னு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. பாய் ரெண்டு மூணு வாட்டி வந்து அவகிட்டயே கண்ணு கலங்கிக் கேட்டுப் பாத்தாரு. அவரு எதுக்கு அழறாரு, பெரிய மனுசன், அப்டின்னு சொல்லி உள்ள போயிட்டா."

நான் அதைப் படிக்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவளைக் கூப்பிடச் சொல்லி, அவளிடம் சொல்லியிருக்கலாம். "தொடர்ந்து எழுதுங்கள், விமர்சனத்துக்குத் துவளக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர்கள் இதைப் படிப்பார்களா என்று தெரியவில்லை.

சர்க்கரை பாயின் கண்ணைக் கொண்டுபோனது. கடையை விற்றுவிட்டார். நான் மத்தியானங்களில் அவர் வீட்டுக்குப் போய் நாவல் படித்துக் காட்டினேன். நானாகத்தான் கேட்டுக்கொண்டு போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் படிக்கும்போது அவர் கை மடியில் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். ஒரு வரி பிடித்துவிட்டால், "அடடா" என்பார். அது எனக்குச் சொன்னது இல்லை. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார்.

ஒருநாள் நடுவில் நிறுத்தி, "பாய், அந்த வாழப்பாடிப் பையனோட நாவல்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த நாவல் சார்? எவ்வளவோ படிச்சாச்சு. நீங்க இதைப் படிங்க."

படித்தேன். அவர் கடைசியாகக் கேட்ட நாவல் அது. புதிதாக எழுதவந்த ஒரு பெண் எழுதியது. பல நாட்கள் படித்து, முடிகிற இடத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரே அத்தியாயம். தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். அவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுத்தேன். மீதியிருந்த பக்கங்களைக் கட்டை விரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"போதும் சார். இதுக்கு மேல எம் பொண்ணு படிக்கட்டும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம் பாய், ஒரே ஒரு அத்தியாயம்தானே."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார். குரலில் ஒரு கடுப்பும் இல்லை. உள்ளே பார்த்து, "சாருக்கு டீ குடுத்தாச்சாம்மா?" என்றார்.

மகள் டீ கொண்டுவந்தாள். அவள் முன்னால் குடித்து முடித்தேன். எழுந்தபோது, "பாத்துப் போங்க சார், வாசப்படி ஒசரம்" என்றார். வாசலில் குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே மகள் படிக்க ஆரம்பித்தது கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை, குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் "நிறுத்து, நிறுத்து. இப்ப என்ன ஆகும், சொல்லு பாப்போம்" என்றார். அவள் ஏதோ சொன்னாள். அவர் ஓமலூர் அம்மாவோடு சிரித்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார். வெகுநாட்களுக்குப் பிறகு கேட்டேன்.

கேட்டைச் சாத்திவிட்டு நடந்தேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது.